பாச்சை உருண்டை வாசனை

எங்கள் சந்துக்கு ஒரு குழந்தை வந்து சேர்ந்துவிட்டது என்பதை, அதன் அழுகை காதில் விழுவதற்கு முன்பே பாச்சை உருண்டையின் வாசனை சொல்லிவிடும். கல்மண்டபத்திலிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஐஸ் உடைக்கும் கடையின் பின்புறம் பிரியும் சந்து அது. மீன், டீசல், உப்புக்காற்று என்று எத்தனை வாசனைகள் அங்கே நின்றுகொண்டிருந்தாலும் அந்த ஒன்று மட்டும் தனித்துத் தெரியும். அது வந்தால் அவர் பெட்டியைத் திறந்துவிட்டார் என்று பொருள்.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. சந்தில் யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை. நானும் இங்கே எழுதப் போவதில்லை. எங்களுக்கு அவர் பொட்டிக்கா. பெட்டிக்கார அக்கா என்பது தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. மாமியாருக்கும் அவர் பொட்டிக்காதான், அந்த மாமியாரின் மருமகளுக்கும் பொட்டிக்காதான்.

பச்சை வண்ணம் அடித்த தகரப் பெட்டி அது. கட்டிலுக்கு அடியில் இருக்கும். உள்ளே ஜப்ளாக்கள்: காலரும் பொத்தானும் இல்லாத, முதுகுப்பக்கம் நாடாவால் முடிச்சுப் போடுகிற கைக்குழந்தைச் சட்டைகள். மெல்லிய மல் துணியில் தைத்தவை. பிறந்த குழந்தைக்கு எங்கள் பக்கத்தில் புதுத்துணி போடுவதில்லை. நல்லபடியாக வளர்ந்த ஒரு பிள்ளை போட்டுக் கழித்த பழைய துணியைத்தான் முதலில் போட வேண்டும். அந்தப் பழைய துணி எங்கள் சந்தில் பொட்டிக்காவின் பெட்டியிலிருந்துதான் வர வேண்டும் என்பது எப்படியோ வழக்கமாகிவிட்டது. சர்ச்சுக்குப் போகிற வீடு, கோயிலுக்குப் போகிற வீடு, பள்ளிவாசலுக்குப் போகிற வீடு என்ற வேறுபாடு அந்தப் பெட்டிக்குத் தெரியாது. என் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது எனக்கும் அதிலிருந்துதான் ஒன்று வந்தது. குழந்தைக்குத் தலை நின்ற பிறகு ஜப்ளாவைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

யாராவது விவரம் தெரியாத தகப்பன் புதுச்சட்டையோடு வந்து நின்றுவிட்டால் அன்றைக்குச் சந்துக்கே வேடிக்கைதான்.

"இன்னா நைனா இது? காலர் வெச்ச சட்ட! பொறந்ததும் ஹார்பருக்கு ஷிப்டுக்கு அனுப்பப் போறியா?"

"இல்லக்கா, சோக்கா கீதேனு வாங்கினேன்."

"சோக்கா கீதுன்னா நீ போட்டுக்கோ. கொயந்த தோலு இன்னா தார்ப்பாயா? பயசு தான் குத்தாது. தள்ளு அப்பால."

தகப்பனைத் தள்ளிவிட்டு உள்ளே போவார். கையில் ஜப்ளாவை ஏந்திக்கொண்டு போகும் விதம், சர்ச்சில் நற்கருணைப் பாத்திரத்தை ஏந்திவரும் விதம்போல இருக்கும். குழந்தைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, கைகளை ஒவ்வொன்றாக நுழைத்து, முதுகில் முடிச்சுப் போட்டுவிட்டு, "பொட்டி தொறந்தாச்சு. இனிமே புள்ள நின்னுக்கும்" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பல தாய்மார்கள் காத்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

தண்டையார்பேட்டையில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் அவருக்கு வேலை. தைத்து முடித்த சட்டைகளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கறை இருக்கிறதா, நூல் பிரிந்திருக்கிறதா என்று சோதிக்கிற செக்கிங் வேலை. அந்தக் கண்ணை அவரால் வேலை முடிந்த பிறகும் கழற்றி வைக்க முடிந்ததில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே நம் தோளில் தொங்கும் நூலைப் பிடித்து இழுப்பார். பூசை நேரத்தில் முன்வரிசையில் நிற்பவரின் ரவிக்கைத் தையல் விட்டிருந்தால் அவருக்குப் பிரசங்கம் காதில் ஏறாது. ஒருமுறை சவ ஊர்வலத்தில், பெட்டிக்குள் கிடத்தியிருந்தவரின் சட்டைக் கையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நூலைக் குனிந்து பல்லால் கடித்து எடுத்தார். "போற எடத்துல எவனாச்சும் இன்னா சொல்லுவான்?" என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அவருடைய பெட்டிக்கு ஒரு விதி இருந்தது. எடுத்த துணியை அப்படியே குழந்தைக்குப் போட வேண்டும், அலசக் கூடாது. விதிக்குக் காரணமும் இருந்தது. எங்கள் சந்தில் கிடைப்பது பெரும்பாலும் உப்புக் கரிக்கும் போர் தண்ணீர். அதில் ஒருமுறை அலசினாலும் மல் துணி அப்பளம்போல விறைத்துக்கொள்ளும். அதனால், திரும்பி வரும் ஜப்ளாக்களை மெட்ரோ தண்ணீர் லாரி வருகிற நாள்வரை காத்திருந்து, அந்த நல்ல தண்ணீரில் அவரே மறுபடி துவைத்து, வீட்டுக்குள் கொடி கட்டி உலர்த்தி, மடிப்புக்கு மடிப்பு பாச்சை உருண்டை வைத்துப் பெட்டியில் அடுக்குவார். கடல் ஈரத்தில் கரப்பானும் பூச்சியும் பெருகுகிற வீடு. "என் பொட்டில ஒரு பூச்சி காட்டு, இந்த வூட்ட உன் பேர்ல எய்தி வெக்கிறேன்" என்பது அவருடைய நிரந்தரச் சவால். அது வாடகை வீடு என்பது எல்லாருக்கும் தெரியும்.

அவருக்கென்று குழந்தை இல்லை. ஒன்று பிறந்து, சில நாட்களிலேயே போய்விட்டது என்று என் அம்மா தாழ்ந்த குரலில் ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஆண் குழந்தை. மஞ்சள் பூத்துப் போயிற்று என்றார்கள். அந்தக் குழந்தையை வயிற்றில் சுமந்த காலத்தில் அதற்காக அவர் கம்பெனியில் கிடைத்த வெட்டுத்துணியில் தைத்து, பாச்சை உருண்டை போட்டுச் சேர்த்து வைத்தவைதாம் அந்த ஜப்ளாக்கள். தூக்கிப் போட மனம் வராமல் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். பிறகு ஒரு மழைக்காலத்தில் சந்தே முழங்கால் தண்ணீரில் நின்றபோது, பக்கத்து வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பிரசவமாயிற்று. குழந்தையைத் துடைத்துப் போர்த்தக் காய்ந்த துணி ஒன்றுகூட இல்லை. கட்டிலின் மேல் தூக்கி வைத்திருந்த பெட்டியில்தான் உலர்ந்த துணி இருந்தது. அன்றைக்குப் போர்த்திய பெண் குழந்தை நன்றாக வளர்ந்தது. துணிக்கு ராசி வந்துவிட்டது. அது யாருக்காகத் தைத்த துணி என்பதைச் சந்து வசதியாக மறந்துபோயிற்று. அவர் மறந்திருப்பாரா என்று கேட்கும் தைரியம் எங்களில் யாருக்கும் இருந்ததில்லை.

அவருடைய தங்கை இளம் வயதிலேயே இறந்துபோனார். தங்கையின் மகள் ஸ்டெல்லாவை அவரும் அவர் கணவரும்தான் வளர்த்தார்கள். கணவர் துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர். கப்பலிலிருந்து சரக்கைத் தூக்கி இறக்கும் எந்திரத்தின் இரைச்சலிலேயே வாழ்ந்ததாலோ என்னவோ, வீட்டில் பேசவே மாட்டார். ஸ்டெல்லா எண்ணூரில் ஒரு மீனவக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். அங்கே கொடியில் காயப்போட்ட துணியில் அனல்மின் நிலையத்தின் சாம்பல் பொட்டுப்பொட்டாகப் படியும். முதல் பிரசவத்துக்கு அவள் பெரியம்மா வீட்டுக்கு வந்தபோது பொட்டிக்கா அவளுடைய புடவைகளை உதறி உதறிப் பார்த்தார்.

"இன்னாடி இது, துணியா, அடுப்படியா? இந்தக் கலீஜ்ல எம் பேரன் படுக்கணுமா? தல நிக்கிற வரைக்கும் இங்கதான். உம் புருசன் வந்து பாத்துகினு போட்டும்."

"பேரன்னு எப்டி சொல்ற? பேத்தியா இருந்தா?"

"இருந்தா இருக்கட்டுமே. பொட்டிக்கு இன்னா கண்ணா கீது?"

பேரன்தான் பிறந்தான். அன்றைக்குச் சந்து முழுவதும் அந்த வாசனை வந்ததுபோல் அதற்கு முன்பும் பின்பும் வந்ததில்லை. மற்றக் குழந்தைகளுக்கு ஒரு ஜப்ளா. இவனுக்குப் பெட்டி முழுவதும். ஜப்ளா, கீழே விரிக்கும் துணி, போர்த்தும் துணி, தலைக்கு வைக்கும் மடிப்பு என்று எல்லாமே அதிலிருந்து வந்தது. எறும்பு வரக் கூடாது என்று படுக்கையின் நான்கு மூலையிலும் உருண்டைகள் வைத்தார். காலையும் மாலையும் எண்ணெய் தடவி வேறு ஜப்ளா மாற்றினார். தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்தார் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

குழந்தை மஞ்சள் பூக்கத் தொடங்கியபோது யாரும் பயப்படவில்லை. பிறந்த குழந்தைக்குக் கொஞ்சம் மஞ்சள் வரும், காலை வெயில் காட்டினால் போய்விடும் என்று எல்லாரும் சொன்னார்கள். முதலில் பயந்தவர் பொட்டிக்கா. அதுவும் குழந்தையின் முகத்தைப் பார்த்து அல்ல. நனைந்த விரிப்பை எடுத்து, வழக்கம்போல் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூத்திரம் நனைத்த இடம் பால் கலக்காத டீயின் நிறத்தில் இருந்தது. துணியில் படியும் கறைகளை வாழ்நாள் முழுவதும் பார்த்தவர் அவர். அந்தக் கறை எங்கிருந்து வர முடியும் என்று அவருக்கு விளங்கவில்லை. வரக் கூடாத இடத்திலிருந்து வந்திருக்கிறது என்பது மட்டும் விளங்கிற்று. விரிப்பைச் சுருட்டிக் கையில் பிடித்தபடியே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏய் பாப்பா, நீ தான ரத்தம் கித்தம் படிச்சவ. கிளம்பு. ஆட்டோ வந்துகினு கீது."

நான் அப்போது உயிர்வேதியியலில் முதுகலை முடித்து, மக்களுக்கு உடல்நலம் பற்றி எடுத்துச் சொல்லும் வேலை ஒன்றில் சேர்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் பேசத் தெரிந்தவள் என்ற அளவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அரசு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் இளம் வயது பெண் மருத்துவர் ஒருவர் இருந்தார். குழந்தையின் மேல் குனிந்தவர் ஒரு கணம் நிமிர்ந்து, மறுபடி குனிந்து, சட்டையை முகர்ந்து பார்த்தார்.

"இது என்ன வாசனை? பாச்சை உருண்டையா?"

"ஆமா மேடம்" என்றார் பொட்டிக்கா. கவலையிலும் அவருடைய குரலில் ஒரு பெருமிதம் எட்டிப்பார்த்தது. "எல்லாத் துணியும் அதுல வெச்சது தான். ஒரு பூச்சி வராது."

மருத்துவர் முடிச்சை அவிழ்த்து, துணிகள் அத்தனையையும் கழற்றி வெளியே எடுத்துப் போகச் சொன்னார். குழந்தையின் உடம்பை வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைக்கச் சொன்னார். ரத்தம் எடுக்கப்பட்டது. நீல விளக்கின் அடியில் கண்ணைக் கட்டிப் படுக்கவைத்தார்கள். அது போதாமல், உடம்பில் இருக்கும் ரத்தத்தைச் சிறிது சிறிதாக வாங்கிவிட்டு வேறு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. கையில் சுருட்டிய துணிகளோடு பொட்டிக்கா தாழ்வாரத்தில் நின்றார். அவற்றை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

பிறகு மருத்துவர் வெளியே வந்து ஸ்டெல்லாவிடம் கேட்டார்: "உங்க அம்மா வழியில, ஆண் குழந்தை யாராவது பிறந்ததும் மஞ்சளாகி இறந்திருக்காங்களா?"

ஸ்டெல்லா தெரியாது என்பதுபோல் தலையசைத்தாள். அவள் உண்மையைத்தான் சொன்னாள். அந்த வீட்டில் அது பேசப்பட்டதே இல்லை. தாழ்வாரத்தின் சுவரோரத்திலிருந்து பொட்டிக்காவின் குரல் வந்தது.

"எனக்கு ஒண்ணு இருந்துச்சு மேடம்."

நான் அவரை அறிந்த காலம் முழுவதிலும் தம் குழந்தையைப் பற்றி அவர் பேசிக் கேட்டது அதுதான் முதல் முறை.

மருத்துவர் சொன்னதைச் சுருக்கமாக இங்கே சொல்லிவிடுகிறேன். நம் உடம்புக்குள் ஓயாமல் வேதிவினைகள் நடக்கின்றன. அவற்றைக் கண்ணாடிக் குடுவையில் நடத்துவதென்றால் கொதிக்கவைக்க வேண்டும், அமிலம் ஊற்ற வேண்டும், அப்போதும் காத்திருக்க வேண்டும். உடம்பின் மிதமான சூட்டில் அவை கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பதற்குக் காரணம் நொதிகள். ஒவ்வொரு நொதிக்கும் ஒரு வளைவு, ஒரு குழிவு உண்டு. அதில் தனக்குரிய பொருள் மட்டும் வந்து பொருந்தும். பொருந்தியதும், அந்தப் பொருள் மாறுவதற்குத் தாண்ட வேண்டிய மேட்டை நொதி தாழ்த்திக் கொடுக்கிறது. மாறிய பொருள் வெளியேறுகிறது. நொதி மாறாமல் அடுத்ததற்குக் காத்திருக்கிறது. வினையில் அது செலவாவதில்லை. அதனால்தான் அதை வினையூக்கி என்கிறோம்.

சிவப்பணு ஆக்சிஜனைச் சுமப்பது. இரும்பைத் துரு அரிப்பதுபோல அந்த ஆக்சிஜனே அதை அரிக்கவும் முயலும். அரிப்பைத் தடுக்கும் காப்புப் பொருளை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டிருக்க ஒரு நொதி தேவை. சிலருக்கு அது பிறவியிலேயே வலுவற்று இருக்கும். சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. நொதி தேய்ந்துபோனால் புதிதாகச் செய்துகொள்ள வழி இல்லை. அந்த அணு உருவானபோது இருந்ததைக் கொண்டே ஆயுளை ஓட்ட வேண்டும். சாதாரண நாட்களில் இந்தக் குறை வெளியே தெரியாது. பாச்சை உருண்டையின் ஆவி மூச்சிலும், எண்ணெய் தடவிய தோலின் வழியாகவும் உடம்புக்குள் போகும்போது அரிப்பு பல மடங்காகிறது. காப்பு தீர்ந்துவிடுகிறது. சிவப்பணுக்கள் கூட்டம்கூட்டமாக உடைகின்றன. மஞ்சளும், டீயின் நிறமும் அப்படி வருபவை. இந்தக் குறை பெண்களிடம் பெரும்பாலும் சத்தமில்லாமல் தங்கி, அவர்கள் பெறும் ஆண் குழந்தைகளிடம் வெளிப்படும். அக்காவும் தங்கையும் ஒரே தாயிடமிருந்து அதைப் பெற்றிருக்கக் கூடும்.

மருத்துவர் போன பிறகு பொட்டிக்கா என்னைப் பார்த்தார். "அந்தம்மா சொன்னது பாதி தான் பிரிஞ்சுது. இன்னாடி அது, நொதி? உன் வாயால சொல்லு."

நான் எனக்குத் தெரிந்த எளிய சொற்களில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அதுவரை பேசாமல் குந்தியிருந்த அவர் கணவர் தரையைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார்.

"வின்ச் மாதிரி. வின்ச்சு இல்லாங்காட்டியும் மூட்டய எறக்கலாம். ஆளுங்க முதுவுல தூக்கி எறக்கலாம். ஆனா கப்பல் நிக்காது, பூடும். மூட்ட போவும், வின்ச்சு அங்கியே நிக்கும், அடுத்த மூட்டைக்கு." குழந்தை இருந்த அறையின் பக்கம் தலையை அசைத்தார். "இவனுது வீக்கான வின்ச்சு. சும்மா நாள்ல தெரியாது. பெரிய லோடு வந்தா தான் தெரியும்."

"லோடு ஏத்தினது நானு" என்றார் பொட்டிக்கா.

கணவர் அந்தத் துணிச்சுருளை மனைவியின் கையிலிருந்து வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

பேரன் பிழைத்தான். அன்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அந்தக் கண் இல்லையென்றால் பிழைத்திருக்க மாட்டான் என்று மருத்துவரே சொன்னார். அதை நான் பொட்டிக்காவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொள்வார். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது வேறொரு கேள்விக்கான பதில். குழந்தைக்கு ஆபத்து நீங்கிவிட்டது என்று தெரிந்த பிற்பகலில், ஆஸ்பத்திரி வாசலில் இருந்த டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அப்போ எம் புள்ளயும் இதுல தான் போச்சா?"

நான் யோசித்தேன். ஆமாம் என்றால் ஒரு தாயின் கையில் அவர் பிள்ளையின் சாவைக் கொடுத்ததாக ஆகும். இல்லை என்றால் அது எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்வது. அவர் நாளைக்கே பெட்டியைத் திறந்து இன்னொரு குழந்தைக்குப் போடுவதற்கும் அது வழி செய்யலாம்.

"தெரியாது பொட்டிக்கா. அப்போ ரத்தம் எடுத்துப் பாக்கல. மஞ்சள் வர்றதுக்கு எத்தனையோ காரணம் இருக்கு. இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

அவர் என் தோளில் இருந்த ஏதோ ஒரு நூலைப் பிடித்து இழுத்தார்.

"தெரியாதுன்னு சொல்ற. இல்லன்னு சொல்ல மாட்டேங்கிற."

அறிவியல் தன் நேர்மையில் அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. எது எதனால் உடைகிறது என்று அதனால் சொல்ல முடியும். மண்ணுக்குள் போய்விட்ட ஒரு குழந்தையைப் பற்றி, அதைப் பெற்றவர் கேட்கும்போது, தெரியாது என்பதைத் தவிர அதனிடம் வேறு சொல் இல்லை. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவர் மிச்ச ஆயுளை வாழ வேண்டியிருந்தது.

சந்துக்கு இதைச் சொல்லியாக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எப்படிச் சொல்வது என்பதில்தான் தயக்கம். பொதுவாக ஒரு கூட்டம் போடலாம், பிறந்த குழந்தையின் துணியில் பாச்சை உருண்டை கூடாது என்று மட்டும் சொல்லலாம், பெட்டியைப் பற்றிப் பேச வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். அவருடைய பெயர் அடிபடாமல் காப்பதே என் நோக்கம்.

"உன் கூட்டத்துக்கு எவ வருவா? வந்தாலும், கடைல விக்கிற உருண்டைய சொல்றன்னு தலய ஆட்டிகினு பூடுவாளுங்க. என் பொட்டி ராசின்னு தான நெனச்சிகினு கீறாங்க? என் பொட்டின்னு சொன்னா தான் ஒறைக்கும்."

"அப்புறம் அவங்க உங்கள என்ன நினைப்பாங்க?"

"நெனைக்கட்டும்."

வீடு வீடாக அவரே போனார். நானும் கூடப் போனேன். வாசலில் நின்று, உள்ளே வரச் சொன்னாலும் போகாமல், ஒரே சொற்களில் சொன்னார்: "என் பொட்டித் துணில விசம் இருந்துச்சு. எனக்குத் தெரியாது. எம் பேரன் சாவப் பாத்தான். இனிமே கொயந்தைக்கி உருண்ட வெச்ச துணி போடாதீங்க. ஆம்பளப் புள்ள மஞ்சளாச்சுன்னா வெயில்ல காட்டிகினு குந்தாதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

பலர் சிரித்தார்கள். "இன்னா பொட்டிக்கா, பேஜாரு பண்ற? என் மூணும் உன் துணில வளந்தது தான். கல்லாட்டம் கீதுங்க" என்றார் ஒருவர். "சொந்தப் பேரனுக்கு அல்லாத்தையும் குடுத்துட்டு, நமக்கு இல்லன்னு சொல்ல வந்துகீது" என்று இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சந்தின் கோடியில் ஒரு வீடு. அந்த வீட்டில் ஓர் ஆண் குழந்தை, வெகுகாலத்துக்கு முன், தலை நிற்பதற்குள் இறந்திருந்தது. எதனால் என்று அங்கும் யாருக்கும் தெரியாது. அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடலாம் என்று நான் அவர் கையைப் பிடித்தேன். கையை விடுவித்துக்கொண்டார். கதவு சாத்தியிருந்தது, உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டிவிட்டு, மற்ற வீடுகளில் சொன்ன அதே சொற்களை அதே குரலில் சொன்னார். பாதியில் மிக்ஸி நின்றது. முழுவதும் சொல்லி முடித்தார். பிறகும் அங்கேயே நின்றார். கதவு திறக்கவில்லை. அந்த வீட்டுப் பெண் அதற்குப் பிறகு பொட்டிக்காவோடு பேசியதே இல்லை. திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஸ்டெல்லா அவரை ஒருபோதும் குறை சொன்னதில்லை. எண்ணூரிலிருந்து பையனைத் தூக்கிக்கொண்டு ஞாயிறுதோறும் வருவாள். ஆனால் பொட்டிக்கா அவனைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவுவார். "இன்னும் அடிக்குது பாரு" என்று என்னிடம் கையை நீட்டுவார். எனக்கு சோப்பு வாசனை மட்டும்தான் தெரியும். "இல்ல, உனக்கு ஜல்பு" என்பார். அவன் ஓடிவந்து மடியில் ஏறினால் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், சுட்டுவிடுமோ என்பதுபோல. அவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. பையன் பள்ளிக்கூடம் போகிறான். எந்தெந்த மருந்துகள் தனக்கு ஆகாது என்று கேட்டால் ஒப்பிப்பான். பெரிய பாட்டி ஏன் கையைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார் என்று ஸ்டெல்லாவிடம் ஒருமுறை கேட்டானாம்.

நொதி வினையில் செலவாவதில்லை என்று பாடத்தில் படித்திருக்கிறேன். மனிதர்கள் செலவாகிறார்கள். அதை நான் கண்ணால் பார்த்தது பெட்டியைக் காலி செய்த நாளில்.

மெட்ரோ லாரி வந்திருந்த காலை அது. உருண்டைகளையெல்லாம் ஒரு பையில் கட்டி அவர் கணவர் குப்பை வண்டியில் போடப் போயிருந்தார். பொட்டிக்கா வாசலில் குந்தி, ஜப்ளாக்களை ஒவ்வொன்றாக நல்ல தண்ணீரில் ஊறவைத்து, கசக்கி, மறுபடி ஊறவைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிழிந்து கொடுத்தேன்.

"இனிமே யாருக்கும் குடுக்கப் போறதில்லயே. அப்புறம் எதுக்குக் கஷ்டப்பட்டுத் தொவைக்கிறீங்க?"

"அடுப்புத்துணியா போனாக்கூட, எந்தக் கொயந்தையாவது எடுத்து வாய்ல வெச்சுக்கும்."

பெட்டியின் அடிவரை வந்துவிட்டோம். கடைசியில், பழைய நாளிதழ் விரிப்புக்கும் கீழே, பிளாஸ்டிக் உறையில் சுருட்டி, வாயை நூலால் இறுகக் கட்டிய ஒன்று இருந்தது. மங்கிய மஞ்சளாகிவிட்ட ஒரு ஜப்ளா. அது ஒருபோதும் யாருக்கும் கொடுக்கப்படாதது என்பது பார்த்தாலே தெரிந்தது. நான் எடுத்து வாளியின் பக்கம் நகர்த்தினேன்.

"இதையும் அலசிடலாமா?"

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என்னிடமிருந்து அதை மெதுவாக வாங்கினார்.

"வோணாம். அத்த அலசக் கூடாது. அதுல அவன் வாசன கீது."

உறைக்குள் இருந்தது எதன் வாசனை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவர் முடிச்சைச் சிறிது நெகிழ்த்தினார். அந்தப் பழைய வாசனை வெளியே வந்து, நனைந்த துணிகளுக்கும் லாரித் தண்ணீருக்கும் நடுவே எங்கள் இருவர்மேலும் படிந்தது. முகத்தருகே கொண்டுபோனவர், என்னைப் பார்த்ததும் சட்டென்று உறையைத் தள்ளிப் பிடித்தார்.

"நீ அப்பால போ. மோந்து பாக்காத. நாளைக்கு உனக்கும் ஒண்ணு பொறக்கணும்."